நாலாவது வயர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நிதானம் இல்லை, நடுநிலை இல்லை என்று யாரும் என்னிடம் வரக் கூடாது.

இந்த வருஷம் துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு, பவானிபூரில் எங்கள் பக்கத்து வீட்டில், மாடி டிஷ் ஆண்டெனாவிலிருந்து அறை அறையாக வயர் இழுத்தார்கள். விஷயம் அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்ததும் என் மகள் ப்ரியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "தூர்!" என்று வங்காள மொழியில் அலுத்துக்கொண்டு, "டிவி கனெக்‌ஷனுக்கெல்லாம் ஒரு ஸ்டோரியாம்மா? ரொம்பச் சின்ன மேட்டர்" என்றாள்.

சின்ன விஷயம்! இதைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் ஒருத்திக்கு நடக்கும் எதையும் இப்படிச் சொல்லித்தானே மூடிவைக்கிறோம்?

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஒரு டிஷ், வானத்தைப் பார்த்து ஏங்கியபடி..."

[டிஷ் ஏங்காது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "பாவம் வித்யாலட்சுமி, கல்யாணமும் ஆகாமல் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு..."

[இதையும் அடித்துவிட்டேன். அது அண்ணன் வீடு இல்லை. அப்பா கட்டிய வீடு, அவளுக்கும் அதில் சரிபாதி. பார்த்தீர்களா, கோபமாக எழுத உட்கார்ந்த கைக்கே எப்படிப் பழகிப்போயிருக்கிறது!]

ஆளை நேராகவே சொல்லிவிடுகிறேன். வித்யாலட்சுமிக்கு ஐம்பத்தேழு வயது. அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அதிகாரி. கறுப்புக் கோட்டு வக்கீல்கள்கூட அவள் மேஜைக்கு முன்னால் குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கூடவே கால்பந்துப் பைத்தியம். கோல் விழுந்தால் அவள் போடும் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கும்.

அங்கேதான் தகராறு. சாயங்காலம் ஆனால் ஹாலில் மன்னி விஜயலக்ஷ்மியின் சீரியல் ஓடும். மேட்ச் வேண்டுமென்றால் வித்யா மொபைலைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் அறைக்கென்று ஒரு டிவி வாங்கி வைத்தாள். அண்ணன் சிவராமகிருஷ்ணன் டிஷ் போடப்போகிறார் என்று தெரிந்ததும், "அப்படியே என் ரூமுக்கும் ஒரு வயர் விடச் சொல்லுண்ணா" என்றாள்.

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றார் அவர்.

3

டிஷ்ஷின் முன்னால் மூக்குப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இவர்கள் வாங்கியதில் அந்த மூக்குக்கு நாலு வாய். வாய்க்கு ஒரு வயர், வயருக்கு ஓர் அறை.*

(* ஒரே வயரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிரிக்கலாமாம். ஆனால் இந்த அறையில் சேனல் மாற்றினால் அந்த அறையில் படம் போய்விடக்கூடுமாம்.)

எங்கள் வீட்டுக்கும் வயர் மாற்ற வேண்டியிருந்ததால், டிஷ் மாட்ட வந்திருந்த மது என்பவரைப் பிடிக்க நான் அன்று அங்கே போயிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன். முதல் வயர் ஹாலுக்குப் போனது. இரண்டாவது அண்ணன் படுக்கையறைக்கு. மூன்றாவது சமையலறைக்கு, மன்னி குழம்பு கொதிக்கும்போதும் சீரியலை விடக் கூடாது என்பதற்காக. நாலாவது வயர் தோளில் சுருளாகத் தொங்க, மது நடையின் கடைசிக்கு வந்தார்.

அங்கே எதிரெதிராக இரண்டு அறைகள். இடப்பக்கம் வித்யாவுடையது. வலப்பக்கம் அண்ணன் மகன் ஜெய்ராமுடையது. அவன் டொரோண்டோவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூஜைக்கு வருவான், சில நாள் இருப்பான், போய்விடுவான். மற்றபடி அந்த அறை பூட்டியே கிடக்கும். உள்ளே ஒரு டிவி பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும்.

வயர் நுழைய வசதியாக வித்யா ஸ்டூலை நகர்த்திப்போட்டுவிட்டு வாசற்படியில் நின்றாள். மது அவள் அறைப்பக்கம் காலெடுத்து வைத்தார். பின்னாலிருந்து சிவராமகிருஷ்ணன் அவரைத் தடுத்தார்.

"ஓடா ஸ்டோர் ரூம்" என்றார். வங்காள மொழியில், 'அது ஸ்டோர் ரூம்' என்று அர்த்தம்.

மது உள்ளே பார்த்தார். விரித்த கட்டில். மடித்து வைத்த ஆபீஸ் புடவைகள். புது டிவி. நடுவில் ஒரு மனுஷி. வயரோடு வலப்பக்கம் திரும்பினார்.

"என்னண்ணா சொன்னே?" என்றாள் வித்யா.

"அவன்ட்ட என்னத்த விளக்கிண்டிருக்கறது? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஜெய்ராம் பூஜைக்கு வரானோல்லியோ? நீ ஹால்ல பாத்துக்கோயேன், யார் வேண்டாங்கறா?"

"ஒருத்தி பாக்கறதுக்கு எதுக்கு வித்யா தனியா ஒரு வயர்?" சமையலறையிலிருந்து மன்னி.

ஒருத்தியும் இல்லாத அறைக்கு ஒரு வயர் போய்க்கொண்டிருந்தது! நான் வாயைத் திறந்தேன். "சார், அது எப்படி..."

"இது எங்காத்து விஷயம்" என்றார் சிவராமகிருஷ்ணன்.

வித்யா கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மீதே சந்தேகம் வந்தது. வக்கீல்களை அடக்கும் குரல் வீட்டில் எங்கே போயிற்று?

[அவள் தலையணையில் முகம் புதைத்துக் குமுறிக் குமுறி — இல்லை. நான் பார்க்கவில்லை. நம்பவும் இல்லை.]

[அவள் கதவைப் படாரென்று திறந்து, "பெண்ணென்றால் உங்களுக்கு..." — மூன்று பக்கம் ஓடியது. அது என் பேச்சு, அவளுடையது இல்லை.]

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மன்னியும் பெஹாலாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வித்யா என்னைக் கூப்பிட்டாள். "செத்த வரியா? கட்டிலுக்கு ஒரு பக்கம் பிடிக்கணும்."

ஜெய்ராம் அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது. வாராவாரம் பெருக்கித் துடைப்பவள் அவள்தானே! இருவருமாக அவன் கட்டிலை இடப்பக்க அறைக்கு மாற்றினோம். அவன் புத்தகம், பெட்டி, உறை போட்ட டிவி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அங்கே அடுக்கினாள். சலவை விரிப்புப் போட்டாள். பிறகு தன் கட்டிலையும் புடவைகளையும் டிவியையும் வலப்பக்கம் கொண்டுவந்தாள். நாலாவது வயரை எடுத்துச் செருகினாள்.

கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது மேட்ச் நடந்துகொண்டிருந்தது, நானும் அங்கேதான் இருந்தேன். "கோல்!" என்று ஒரு கத்தல். சிவராமகிருஷ்ணன் ஓடி வந்தார்.

"என்னடி இது? ஜெய்ராம் ரூம்ல என்ன பண்றே?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஸ்டோர் ரூம்ல யாராவது படுத்துப்பாளா அண்ணா?"

"ஏதோ வாய் தவறிச் சொன்னதுக்கு..."

"வாய் தவறல. வயர் எங்க போச்சுன்னு பாரு."

"பையன் வந்தா எங்க படுப்பான்?" என்றாள் மன்னி.

"அவன் கட்டில், அவன் சாமான் எல்லாம் எதிர்லதான் இருக்கு, மன்னி. சுத்தமா வெச்சிருக்கேன். டிவி மட்டும் வராது. ஹால்ல பாத்துக்கட்டும்."

5

அப்புறம் என்ன? அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஊரோடு பேச ஆரம்பித்தார். "ஒரு டிவிக்காகக் கூடப்பிறந்தவன்ட்ட இப்படியா?" என்று கோயிலில் இரண்டு மாமிகள் என்னைக் கேட்டார்கள். பூட்டிய அறைக்கு வயர் போனபோது கேட்காத கேள்வி! என் உடம்பெல்லாம் எரிந்தது.

சிவராமகிருஷ்ணனே ஒருநாள் என்னிடம் வந்தார். "நீங்க அவ ஃப்ரெண்டுதானே? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோ."

"அது உங்காத்து விஷயம் சார்" என்றேன். இந்தக் கதை முழுவதிலும் எனக்குத் திருப்தி தந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

6

முடிவுகள்.

ஒன்று: ஜெய்ராம் வந்து கத்துகிறான், அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். [இப்படி எழுதினால் எல்லோரும் கண்ணீர் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். மாட்டேன்.]

இரண்டு: இன்னொரு டிஷ் போட்டு எல்லா அறைக்கும் வயர் கொடுத்து எல்லோரும் சிரிக்கிறார்கள். ப்ரியாவுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் வயரைக் கொடுத்துவிட்டால் 'ஸ்டோர் ரூம்' என்று சொன்ன சொல் இல்லாமல் போய்விடுமா?

மூன்றாவது, நடந்தது. பூஜை தொடங்கும் சஷ்டி அன்று மத்தியானம் ஜெய்ராம் வந்து இறங்கினான். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்தது. வித்யா தன் அறையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுபோன சுண்டலோடு ஹாலில் நின்றேன்.

"உங்கத்தை பண்ணியிருக்கற காரியத்தைப் போய்ப் பாரு" என்றார் அவன் அப்பா.

அவன் நடைக்குப் போனான். இடப்பக்க அறையைப் பார்த்தான். தன் கட்டிலையும் விரிப்பையும் பார்த்தான். பிறகு வலப்பக்கம் திரும்பிக் கதவைத் தட்டினான்.

"அத்தை, உள்ள வரலாமா?"

அந்த வீட்டில் அவள் கதவை யாரும் தட்டி நான் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டு போய்த்தான் எல்லோருக்கும் பழக்கம். உள்ளே டிவி சத்தம் நின்றது.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ப்ரியா கேட்டும் சொல்லவில்லை. அறைக்காரியைத்தான் கேட்டிருக்கிறான், அவள் சொல்லிக்கொள்வாள். நீங்கள் எட்டிப் பார்க்காமல் என்னோடு ஹாலிலேயே நில்லுங்கள்.