இறங்க நாற்பது நிமிஷம்

முகத்தில் அந்தக் கோடு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். நெற்றியின் குறுக்கே ஆரம்பித்து இரண்டு கன்னத்தையும் வளைத்துக்கொண்டு மூக்கின் மேல் வந்து முடியும் சிவப்புக் கோடு. கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருப்பவர் அவர். ஆள் போய்ச் சொன்னதும், பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

அவள் மேஜை மேலிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். "அதுதான் டாக்டர். அதை மூஞ்சில மாட்டிக்கிட்டு பிளேன் ஓட்டுவார்."

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாகச் சேர்ந்து நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்த அவள் கணவரைப் பார்த்தார். இதயம் நின்றிருக்கிறது, வலிகூடத் தெரிந்திருக்காது என்றார். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள்.

"ஒரு மணி நேரமும் இருக்கலாம், ரெண்டு மணி நேரமும் இருக்கலாம். சரியா சொல்ல முடியாதும்மா. நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

அதற்குத்தான் அவளிடம் ஒழுங்கான பதில் இல்லை. வந்தது பன்னிரண்டேகாலுக்கு. பார்த்தது இரண்டு மணிக்கு.

அன்று காலை அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தார்கள். கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள், திரும்பி வரும்போது எதுவும் தெளிவாகத் தெரியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மனுஷன் மேலே ஏறியாகிவிட்டது. தோளைத் தட்டினாள். "இதோ, எறங்க நாப்பது நிமிஷம்தான்" என்றார், பெட்டியைக் கழற்றாமலே. அவருடைய நாற்பது நிமிஷம் எவ்வளவு நீளும் என்று நாலு வருஷமாக அவளுக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்றபோது மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது அந்த வி.ஆர். ஹெட்செட். அவள் அதற்கு வைத்த பெயர் மூஞ்சிப் பெட்டி. அது வந்த மாதமே சாப்பாட்டு மேஜை போயிற்று. விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியை மேஜை விளிம்பில் திருகு போட்டு முடுக்கிவிட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அடுத்து மேஜை விசிறி போயிற்று. முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றாதாம். விமானத்துக்குள் அவருக்குக் காற்று வீச, அடுப்படியில் இவள் வெந்துகொண்டிருந்தாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். எதற்கு இது என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பத்து நாலு வருஷம் குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவர். தெருத் தெருவாகப் போய், இரும்பு மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, தண்ணீர் மீட்டரின் எண்களைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. அத்தனை வருஷத்தில் ஒருநாள் அண்ணாந்து ஒரு விமானத்தைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. சின்ன வயது ஆசை, அப்பா படிக்க வைக்கவில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் இரங்கியிருப்பாள். "சும்மாதான்" என்றார். சும்மா ஒரு மனுஷன் தினம் ஐந்து மணி நேரம் ஆகாயத்தில் இருப்பானா?

கூப்பிட்டால் காதில் விழாது. கேஸ் சிலிண்டர்காரன் மணி அடித்து அடித்துத் திரும்பிப் போவான், குக்கர் பத்து விசில் அடிக்கும், அவர் அசையமாட்டார். "இதைப் போட்டா வெளிச் சத்தம் எதுவும் கேக்காதுடி" என்பார்.

ஆகவே அன்று பன்னிரண்டேகாலுக்கு, பாதிக் கண்ணும் தெரியாமல், லிஃப்டின் எண்களைப் படிக்க முடியாமல் மாடிக் கைப்பிடியைத் தடவித் தடவி வீட்டுக்குள் நுழைந்து, பின்னறையில் மங்கலாக அந்த முதுகு தெரிந்தபோது, பேசக்கூடாது என்று முடிவு செய்தாள். பேசவில்லை. பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அலமாரிக் கதவுகளை வேண்டுமென்றே அறைந்து சாத்தினாள். சமைத்து, தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு மணிக்கு, வீம்பெல்லாம் தீர்ந்துபோய், அறை வாசலில் வந்து நின்று, "சாப்பிட வர்றீங்களா, இல்ல மேலயே குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். பதிலில்லை. போய்த் தோளைத் தொட்டாள்.

மூன்றரைக்குள் நாத்தனார் வந்துவிட்டாள். மகன் போனில் அழுதான். நாளை மத்தியானம் வந்து இறங்கிவிடுவேன் என்றான். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து பார்த்துவிட்டு, அந்தக் கோடு என்ன, விழுந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பிளேன் கதையைச் சொன்னாள். ஆறாவது ஆளுக்குச் சொல்லும்போது அவளுக்கே எரிச்சல் வந்தது. செத்த பிறகும் இந்த மனுஷனுக்காக இவள்தான் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டே இருந்தது. திரையில் விமானம் தன்பாட்டுக்குப் பறந்தது. வந்தவர்கள் கட்டிலைப் பார்க்கிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம் அதிகமாயிருந்தது.

"அண்ணி, அந்தப் பிளக்கைப் பிடுங்கி விடுங்களேன். நல்லாவா இருக்கு?" என்றாள் நாத்தனார்.

பிடுங்கலாம்தான். ஒரு தடவை வீடு கூட்டும்போது பிடுங்கியிருக்கிறாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவர் வரை போன கை அங்கேயே நின்றது. எல்லாரையும் கொஞ்ச நேரம் முன்னறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஒழுங்காக நிறுத்துகிற இடம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று நினைத்து, நாலு வருஷம் அவர் எவ்வளவு கெஞ்சியும் தொடாததை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

எதிரே வெள்ளையாக மேகம். இரண்டு பக்கமும் மேகம். கீழே குனிந்தால் கைப்பிடி, விளக்குகள், எண்கள். ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். மேகம்தான். இதைப் பார்க்கவா இத்தனை வருஷம்?

அப்போது காதோரம் ஒரு குரல் கேட்டது. "மீட்டர் சார், லைன்ல இருக்கீங்களா? மீட்டர் சார்?"

அவரைப் போலவே வீட்டிலிருந்து இணையத்தில் விமானம் ஓட்டுகிற கூட்டாளிகளில் ஒருவர். மருந்துக்கடை வைத்திருப்பவர். ஓய்வு நேரத்தில் விமானங்களுக்கு வழி சொல்கிற வேலையை எடுத்துக்கொள்வார் என்று கணவர் சொல்லியிருக்கிறார். பதில் பேச எந்தப் பொத்தான் என்று தெரியாமல் கைப்பிடியிலிருந்த ஒவ்வொன்றாக அமுக்கினாள். எங்கோ சக்கரம் இறங்குகிற சத்தம் கேட்டது. அடுத்த பொத்தானில் மருந்துக்கடைக்காரர், "ஆங், கேக்குது, சொல்லுங்க சார்" என்றார்.

"நான் அவர் சம்சாரம் பேசறேன். அவர் இல்லைங்க. தவறிட்டார்."

வெகு நேரம் மேகம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் எப்போது என்று கேட்டார். அது தெரிந்தால்தான் தேவலையே என்று சொல்ல வந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவர் உங்க கூட கடைசியா எப்பங்க பேசினார்?"

"பன்னெண்டரை இருக்கும்மா. கடையைச் சாப்பாட்டுக்கு மூடற நேரம். அப்புறம் ஒண்ணே காலுக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை." அவர் தயங்கினார். "வீட்ல சமாதானம் பண்ணப் போயிட்டார்னு நெனைச்சோம்மா."

"என்ன சமாதானம்?"

"நீங்க வந்துட்டீங்கன்னு சொன்னார். கண்ணாஸ்பத்திரிக்குத் தனியா அனுப்பிட்டேன்யா, பாத்திரமெல்லாம் பேசுது, எறங்கின உடனே போய்க் கால்ல விழணும்னார். நாங்க எல்லாரும் சிரிச்சோம்."



"பாத்திரச் சத்தம் அவருக்கு எப்படிங்க கேட்டுது? இதைப் போட்டா ஒண்ணும் கேக்காதே?"

"நல்லா கேக்குமேம்மா. இது காதை மூடாது, ஓரமா தொங்கும். அவ்வளவுதான்."

முன்னறையில் நாத்தனார் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், யாரோ இருமுவதும், வாசலில் செருப்புகளைக் கழற்றுவதும் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்டன.

"அப்ப காது கேட்டிருக்கு" என்றாள், பொதுவாக.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. அவர் எந்த ஊருக்குப் போய்க்கிட்டிருந்தார்?"

"எந்த ஊருக்கும் இல்லைம்மா. கெளம்பின எடத்துக்கே திரும்பி வர்ற ரவுண்டு."

அதற்கா இத்தனை மணி நேரம் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். எப்படி நிறுத்துவது என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு படியாகச் சொன்னார், அவள் செய்தாள். மேகம் அணைந்தது. பெட்டியைக் கழற்றி வைத்தாள். கன்னமெல்லாம் ஈரமாயிருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. மகன் வரும்வரை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். இரண்டு ஆட்கள் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள். லிஃப்டை அளந்து பார்த்துவிட்டு, நீளம் போதாது, படியில்தான் இறக்க வேண்டும் என்றார்கள். நாத்தனார் பெரிதாக அழ ஆரம்பித்தாள். தான் முன்னால் போவதாக இவள் சொன்னாள்.

மாடிப்படி இருட்டாயிருந்தது. அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். இரண்டாம் மாடியில் யாரோ வழியில் விட்டிருந்த சைக்கிளை இழுத்து ஓரம் கட்டினாள். திருப்பத்தில் ஆட்கள் படுக்கையைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் வந்தவனுக்குக் காலடி தெரியவில்லை.

"பாத்து, மெதுவா" என்றாள். "இன்னும் நாலு படி இருக்கு. மூணு. ரெண்டு. அவ்வளவுதான், தரை வந்துடுச்சு."