கைசர் ஜஹானின் பிரஷர் மிஷின்

ஒரு பிரஷர் மிஷினை வீசி ஒரே அடியில் பதினோரு பல்லை உதிர்த்தவள் இந்த மெட்ராசிலேயே தான் ஒருத்திதான் என்றாள் கைசர் ஜஹான். பேரனுக்கு முடியிறக்கிய அகீகா விருந்து. தம்பி மெஹபூப் அலிக்குப் பிரியாணி புரையேறியது.

"பதினோரு பல்லா? அந்தாளு வாயில சீப்பா வெச்சிருந்தான், ஆபா?"

"குறுக்க பேசாம கேளுடா."

அன்று மகள் அதீபாவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குப் பிரஷர். பிள்ளை உண்டானதுமே டாக்டரம்மா பழைய மாத்திரை அட்டையை மேஜையில் தட்டி, "இது இனி கூடவே கூடாது, குழந்தையோட கிட்னியே போயிடும்" என்று வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அது தீர்ந்து இரண்டு நாள். தி. நகர் கூட்டத்தில் அதீபாவுக்குத் தலை வெடித்தது. மருந்துக் கடை ஸ்டூலில் உட்காரவைத்து, கைசர் ஜஹான் தன் பையோடு கொண்டுவந்த மிஷினைக் கட்டினால் நூற்றெழுபது.

மருமகன் தௌசீஃப் வழக்கம்போல பர்சிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினான். டாக்டரம்மா கூடாதென்ற அதே பழைய அட்டை! கடைக்காரன் நிரஞ்சனும் வழக்கம்போல சீட்டுக் கேட்கவில்லை. புர்காவுக்குள் வயிறு தெரியவுமில்லை. மாத்திரையைக் கிள்ளித் தண்ணீரோடு கொடுத்தான்.

அது அதீபாவின் நாக்கில் இருந்தபோதுதான் கைசர் ஜஹான் கவுண்டரில் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

விட்டாள் மகள் கன்னத்தில் ஓர் அறை. சத்தத்துக்கு மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலே நின்றுவிட்டது. மாத்திரை முழுசாக வெளியே தெறித்து விழுந்தது.

"மாமி, இன்னா பண்றீங்க?" என்று பாய்ந்த தௌசீஃபின் தலையில் அவனுடைய ஹெல்மெட்டே இறங்கியது. புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"பிரஷருக்குப் பிரஷர் மாத்திரை, ஒண்ணும் ஆவாதும்மா!" நிரஞ்சன் இன்னொரு மாத்திரையை அதீபாவிடம் நீட்டினான்.

"வயித்துல புள்ள கீதுடா, பாவி!"

பையில் இருந்த மிஷின் மூன்று சுற்றுச் சுழன்றது. முதல் சுற்றில் கவுண்டர் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவதில் அலமாரி சாய்ந்து இருமல் மருந்து ஆறாக ஓடியது. மூன்றாவது சுற்று நிரஞ்சனின் வாயில் முடிந்தது. தடுக்க வந்த நாலு பேரும் நாலு பக்கம் சிதறினார்கள். கைசர் ஜஹான் கையெல்லாம் கண்ணாடிக் கீறலோடு, கீழே கிடந்த மாத்திரையைச் செருப்பால் மாவாக அரைத்தாள்.

"மிஷின்ல கடைசியா அவன் பிரஷர்தான் தெரிஞ்சுது. முந்நூறு!"

"ரீல் விடாதே, ஆபா. ஒரு பொம்பள, ஒரு மிஷின், ஒரு கடையே காலியா?" என்று மெஹபூப் அலி சிரித்தார்.

அப்போது வாசலில் ஒருவன் தயங்கி நின்றான். கையில் குழந்தைக்குச் சட்டை.

"மாசமா இருக்கியான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்மா. இப்பல்லாம் காலி அட்டைக்கு மாத்திரை குடுக்கறதே இல்ல."

தொட்டிலில் பேரன் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நிரஞ்சன் சிரித்தான். மெஹபூப் அலி எழுந்துபோய் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மருமகனின் புருவத் தழும்பைப் பார்த்தார்.

"ரெண்டு பல்லுதான் இல்ல," என்றார் மெதுவாக. "ஆனா நடந்துதான் கீது, ஆபா."