தாத்தா நிறுவிய டீக்கடை

“உங்க தாத்தா எந்த வருஷம் பாப்பா கடை ஆரம்பிச்சாரு?”

போர்டு எழுத வந்த பெயிண்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு டம்ளர் கழுவினேன். அப்பா எதிரில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது, எழுதிவைக்க நோட்டுதான் உண்டு.

தாத்தா கடை ஆரம்பிக்கவே இல்லை. டீ அவருக்கு ஆகாது. எதிரே இருந்த காபிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசியே ஆயுளைக் கரைத்தவர். கடையை ஆரம்பித்தது அத்தை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடு திரும்பி வந்தவள், குடும்ப மானம் போச்சு என்று தாத்தா புலம்பப் புலம்ப, அதை வாசலில் பற்றவைத்தாள். அந்த அடுப்புச் சூட்டில்தான் அப்பா வளர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், முதலாளியும் ஆனார்.

டீ வடிகட்டும் துணியை இன்றும் அத்தைதான் தைக்கிறாள், அவளே துவைக்கிறாள். வேறு கை பட்டால் டீ கெட்டுவிடும் என்பாள். கெடுமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

போர்டில் என்ன வரவேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீட்டில் எட்டாவது வரை போனவள் நான்தான். நிறுவனர் தாத்தாவாம். மூன்று தலைமுறைப் பாரம்பரியமாம். மூன்றாவது தலைமுறை யாரென்று பெயிண்டர் கேட்க, டம்ளர் கழுவுகிற தொட்டியோடு சேர்த்து அப்பா என்னைக் காட்டினார். என் படிப்பை நிறுத்தியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பாரம்பரியத்துக்கு ஆள் குறைந்திருக்கிறது.

அத்தை பாய்லர் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னாள். “என் பேரையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லுடா தம்பி.”

“வாழாவெட்டி பேர போர்டுல போட்டா கடை விளங்குமாக்கா?”

‘அக்கா’வில் மட்டும் மரியாதைக்குக் குறைச்சலில்லை.

தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ, காபிக் கடை பெஞ்சில் எடுத்தது. பெயிண்டர் யோக்கியர், கண்டதை அப்படியே வரைந்தார். போர்டு ஏறியதும் தெருவே சிரித்தது. நிறுவனர் தலைக்குப் பின்னால் ‘சுத்தமான காபி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

உடனே அழிக்கச் சொல்லி அப்பா குதித்தார்.

“எழுத்த அழிச்சிரலாம் மொதலாளி. ஆளத்தான் என்ன பண்றதுன்னு தெரியல” என்றார் பெயிண்டர்.

அத்தையும் அண்ணாந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆறு பேர் டீக்குக் காத்திருக்க, துணியை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, உதறி மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். அப்பா ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டபடியே தெருமுனை வரை போனார். அவள் முனை திரும்பிவிட்டாள்; கடையில் வடிகட்டத் துணியில்லாமல் ஆறு பேரும் காத்திருந்தார்கள்.