பருப்பு டின்னில் போன விருந்தாளி

சவூதியின் அல் கோபாரில் இல்லவே இல்லாத ஒரு பொருள் காணாமல் போய்விட்டது. அனந்தகிருஷ்ணனின் சங்கடமே அதுதான். இருந்து தொலைந்தால் தேடலாம், நாலு பேரிடம் சொல்லலாம். இருப்பதாகவே சொல்ல முடியாத ஒன்றைத் தொலைத்தவன் யாரிடம் போய் நிற்பான்?

பொருள், நாலு அங்குல உயரத்தில் ஒரு தவழும் கண்ணன். ஐம்பொன். கும்பகோணத்து வீட்டில் ஐந்து தலைமுறையாகப் பாலில் குளித்து, மூக்கு மழுங்கி, கையிலிருந்த வெண்ணெய் உருண்டை பட்டாணி அளவுக்குத் தேய்ந்துபோனவர். சவூதிக்குள் விக்ரகம் கொண்டுவரக் கூடாது. அதனால் எழுபத்தாறில் அனந்தகிருஷ்ணன் கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு வந்தபோது, கண்ணன் ஒரு பால்பவுடர் டின்னில், இரண்டு கிலோ துவரம்பருப்புக்கு அடியில் தவழ்ந்தபடி வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் டின்னைத் திறந்து பார்த்தவர், இதைத் தின்றா இந்த மனுஷன் உயிர் வாழ்கிறான் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து மூடிக் கொடுத்துவிட்டார்.

கொடுத்தனுப்பியவள் அம்மா. பாலைவனத்தில் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்று, மூத்தவன் ரவிசங்கரைக் கேட்காமலே கொடுத்துவிட்டாள். விக்ரகம் மூத்தவனுக்குப் பாத்தியதை என்பது குடும்ப வழக்கம். ரவிசங்கர் கல்லூரியில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர்; கோபத்தைக்கூட அளந்துதான் எடுப்பார். கத்தவில்லை, சாமான்களை உருட்டவில்லை. அம்மாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரே கூடம், ஒரே அடுப்பு, பதினாலு மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவுக்குக் காபி வேண்டுமா என்று தன் மனைவி ராதாவைக் கேட்பார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமியாரிடம் ராதா அதையே திருப்பிக் கேட்பாள். வேண்டாம் என்ற பதிலும் அதே வழியாக ஊர்ந்து திரும்பும்.

இப்போது அம்மாவின் கடிதம் வந்திருந்தது. 'அடுத்த மாசம் லீவில் வரும்போது அவரை அழைச்சிண்டு வந்துடு. அவர் வந்துட்டா ரவி வாயைத் திறப்பான்னு ராதா சொல்றா. நான் போறதுக்குள்ள ஒரு தரம் அம்மான்னு கூப்பிட்டுட்டான்னா போறும்.'

அனந்தகிருஷ்ணன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். 'அவர்' யார் வீட்டில் இருக்கிறார் என்று யோசித்தான். தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஏற்பாட்டைச் செய்தவர் சிவசங்கரன். கம்பெனி குடியிருப்பில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். கண்ணன் வந்திருக்கும் சேதி கசிந்ததும் நாலு வீட்டுப் பெண்களும் எங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை என்று கேட்டார்கள். சிவசங்கரன் விதிகள் வகுத்தார். கண்ணனுக்குப் பெயர் 'விருந்தாளி'. வியாழன் சாயங்காலம் டின் அடுத்த வீட்டுக்குப் போகும். கொடுப்பவர் எதுவும் சொல்லக் கூடாது, வாங்குபவர் எதுவும் கேட்கக் கூடாது. விருந்தாளி எங்கே என்று யாரும் யாரையும் விசாரிக்கவே கூடாது. இதையெல்லாம் டைப் அடித்து, எல்லோருக்கும் படித்துக் காட்டி, கொளுத்தியும் விட்டார். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் உயிரைக் கொடுத்தாவது அதைக் காப்பாற்றுகிற ஜாதி நாம். ஓராண்டு ஓடியது, ஒரு பிசகும் இல்லை.

அந்த ஒழுங்குதான் கழுத்தை அறுத்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் சிவசங்கரனைக் கம்பெனி திடீரென்று ஊருக்கு அனுப்பிவிட்டது. அந்த வாரம் விருந்தாளி அவர் வீட்டில். அடுத்த முறைக்காரர் பாஸ்கர், டின் வரவில்லையே என்று நினைத்தார். கேட்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. அனந்தகிருஷ்ணனின் முறையும் வெறுமனே போனது. ஒரு வீடு குறைந்ததால் வரிசை மாறியிருக்கும் என்று அவனாகவே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆக நாலு குடும்பமும், விருந்தாளி மற்ற மூன்று வீட்டில் ஏதோ ஒன்றில் சௌக்கியமாக இருப்பதாக நம்பிக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் சுண்டல் செய்தது.

கடிதம் வந்த அன்று அனந்தகிருஷ்ணன் விதியை மீறிக் கேட்டுவிட்டான். மூன்று சமையலறைகளில் தரையில் செய்தித்தாளை விரித்துப் பருப்பு கொட்டப்பட்டது. பருப்புத்தான் இருந்தது. சென்னைக்கு டிரங்க் கால் போட்டார்கள்.

"விருந்தாளி உங்களோட வந்துட்டாரா?" என்று அனந்தகிருஷ்ணன் கேட்டான்.

மறுமுனையில் சிவசங்கரன், தன் மனைவி ஜெயபாரதி கொடுத்துவிட்டதாக அல்லவா நினைத்தேன் என்றார். பின்னால் ஜெயபாரதியின் குரல், அவர் கொடுத்திருப்பார் என்றல்லவா நான் நினைத்தேன் என்றது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் அழ ஆரம்பித்தது.

ஊரை விட்டுப் போகும் குடும்பம் சமையல் சாமானைக் கட்டிக்கொண்டு போவதில்லை. பிரிக்காத டின் சிநேகிதர்களுக்கு, பிரித்த டின் லேபர் கேம்ப்புக்கு. ஜெயபாரதி கை தாராளம். பிரித்த டின் பன்னிரண்டையும் மூடி இறுக்கி, ஈரத் துணியால் துடைத்து, கம்பெனி டிரைவர் முகம்மது சித்தீக்கின் வண்டியில் ஏற்றியிருந்தாள். புண்ணியம் என்று நினைத்துத்தான்.

சித்தீக் கீழக்கரைக்காரர். நன்றாக ஞாபகம் இருந்தது. டின்களை மூன்றாம் நம்பர் ரூமில் இறக்கியதாகச் சொன்னார். "என்ன சார், பருப்பைத் திருப்பியா கேக்குறாங்க?" என்றார். அனந்தகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

மூன்றாம் நம்பர் ரூமில் அந்த வாரம் சமையல் முறை மாயாண்டிக்கு. பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அனந்தகிருஷ்ணன் அவரை வெளியே கூப்பிட்டு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிறுத்தி, மெதுவாக விஷயத்தைத் தொட்டான். மாயாண்டியின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அய்யா வீட்டுச் சாமியா? கரண்டிய விட்டேன், டங்குன்னுச்சு. கல்லு கெடக்குன்னு பாத்தா, கண்ணன். மேலெல்லாம் பருப்பு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இப்ப எங்க இருக்கார்?"

"பத்திரமா இருக்காருங்கய்யா."

"எங்கேப்பா?"

"தூணுக்குள்ள."

அனந்தகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. மாயாண்டி நிதானமாக விளக்கினார். சனிக்கிழமை கேம்ப்பில் சோதனை என்று பேச்சு வந்திருந்தது. கடலில் போட்டுவிடலாம் என்றார்கள் ரூம்காரர்கள். சாமியைக் கடலில் போட அவருக்கு மனசு வரவில்லை. ஊரில் வீடு கட்டும்போது நிலைக்கு அடியில் பொன்னும் நவதானியமும் வைப்பது வழக்கம். அவர் கையாலேயே எத்தனையோ வீட்டுக்கு வைத்திருக்கிறார். சைட்டில் அன்றைக்குக் கடைசித் தூணுக்குக் கம்பி கட்டி, பலகை அடைத்துத் தயாராக நின்றது. துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கம்பிகளுக்கு நடுவே உட்கார வைத்தார். நவதானியத்துக்கு எங்கே போவது? கண்ணன் கூடவே வந்த துவரம்பருப்பில் ஒரு பிடி போட்டார். கும்பிட்டு முடிப்பதற்குள் மேலே ஃபோர்மன், சீக்கிரம் ஆகட்டும் என்று யல்லா யல்லா போட்டுக் கத்தினார். கான்கிரீட் இறங்கிவிட்டது.

"இனி எந்தப் பய வந்து சோதிச்சாலும் கெடைக்க மாட்டாருங்கய்யா," என்றார் மாயாண்டி. அவர் நின்ற நிலையைப் பார்த்தால், ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருப்பது தெரிந்தது. அனந்தகிருஷ்ணன், "நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு என்ன சொல்வது?

ஆபீசில் வரைபடத்தை விரித்தான். வடகிழக்கு மூலைத் தூண். அவனே வரைந்தது. போதாது என்று யாரோ சொல்லி, அந்த ஒரு தூணுக்கு மட்டும் நாலு கம்பி கூடுதலாகவும் அவனே போட்டிருந்தான். மேலே ஒரு தளம் ஏறிவிட்டது, இன்னும் ஐந்து ஏறும். உடைக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணத்தை எழுதினால் முதல் விமானத்தில் மாயாண்டி போவார், இரண்டாவதில் இவன் போவான். அப்போதும் தூண் அங்கேயே நிற்கும். பென்சிலை எடுத்தான், வைத்தான். வரைபடத்தைச் சுருட்டினான்.

மனைவி ஷியாமளா ஒரு யோசனை சொன்னாள். "ஏன்னா, சுவாமிமலையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிண்டு போயிடலாமே. கண்ணன்னா எல்லாம் கண்ணன்தானே?"

"அம்மா கண்ணை மூடிண்டு தடவியே சொல்லிடுவா. அண்ணா தராசுல வைப்பான். போன வருஷத்துக்கு முந்தின வருஷமே நிறுத்து எழுதி வச்சிருக்கான். எண்ணூத்திப் பதினேழு கிராம்."

லீவுத் தேதி வந்தது. போகாமல் இருக்க அவன் நாலைந்து வியாதிகளைப் பரிசீலித்தான். ஒன்றும் பிடிக்கவில்லை. போனான்.

கும்பகோணத்தில் அம்மா தலைக்குக் குளித்து, கூடத்தில் பலகையில் கோலம் போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் பால். ரவிசங்கர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராதா இருவருக்கும் நடுவில், பழக்கம் காரணமாக.

அனந்தகிருஷ்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னான். விதிகளைச் சொன்னான். பருப்பைச் சொன்னான், டிரங்க் காலைச் சொன்னான், கம்பி கட்டிய பலகையைச் சொன்னான். சொல்லச் சொல்ல, உண்மை எவ்வளவு மட்டமான பொய்யாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. ஒரு கட்டத்தில் ஷியாமளாகூட அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் கூடவே இருந்தவள்.

சொல்லி முடித்தான். ரவிசங்கர் கையைப் பிரித்தார். ராதா வழக்கம்போல அவர் வாயைப் பார்த்து நின்றாள். அவர் ராதாவைப் பார்க்கவில்லை. பதினைந்து மாதம் கழித்து, நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, இவன் அதை வித்துட்டான்."

அவ்வளவுதான். படியேறி மாடிக்குப் போய்விட்டார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

அனந்தகிருஷ்ணன் அம்மாவின் பக்கம் திரும்பினான். நீயாவது நம்புகிறாயா என்று கேட்க வாயெடுத்தான். அம்மா பலகையின் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தூணுக்கு மேல என்ன வரப்போறது?" என்றாள்.

"ஆபீஸும்மா. ஆறு மாடி."

அம்மா தலையை ஆட்டினாள். நம்பியவள் ஆட்டுவதும் அப்படித்தான், நம்பாதவள் ஆட்டுவதும் அப்படித்தான். பிறகு சொன்னாள்: "ஷியாமளா, அந்தப் பாலை எடுத்து உள்ள வை. பூனை வரும்."