இடைவேளைக்கு முன் விழுந்த அறை

பார்லர் அக்காவிடம் புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் படக்கதை கேட்கத்தான் வருவார்கள். நூலின் முனையைப் பல்லில் கடித்திருக்கும்போது அவளால் பேச முடியாது. அதனால் ஒரு புருவம் முடிந்து மறு புருவம் தொடங்கும் இடைவெளியில் ஒரு படத்தை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவாள்.

"போன வாரம் ஒண்ணு பாத்தேன். ஹீரோ நடக்கிறான், நடக்கிறான், நடந்துகிட்டே இருக்கான். எல்லாம் ஸ்லோமோஷன். சாதாரணமா நடந்திருந்தா படம் இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"அதுக்கு முந்தின படம்?"

"அதைக் கேக்காதீங்க. குடம் குடமா ரத்தம். ஒருத்தன் தலை உருண்டு வருது, பின் சீட்டுல கைதட்டுறாங்க. அவங்க மடியில கைக்குழந்தை வேற. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா போறீங்க?"

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று சிரித்துவிட்டு மறுபடி நூலைக் கடிப்பாள்.

அடுத்து பார்த்த படத்தைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

அதற்கு அழைத்துப் போனவன், தங்கைக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. தங்கையும் அதே பார்லரில்தான் முடி வெட்டுகிறாள். பையன் செல்போன் கடை மேனேஜர். அதிர்ந்து பேசாதவன் என்று வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மா அக்காவையும் கூட அனுப்பினாள்.

படத்தில் ஹீரோ ஒரு பெண்ணை பஸ் ஸ்டாப், கல்லூரி வாசல், அவள் வீட்டு மொட்டை மாடி என்று விடாமல் துரத்தினான். அவள் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். இடைவேளைக்குச் சற்று முன், நடுத்தெருவில் பளாரென்று ஓர் அறை விட்டான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனைக் காதலோடு பார்த்தாள். உடனே பாட்டு. தியேட்டரே எழுந்து ஆடியது.

அக்காவின் காதைப் பிளந்துகொண்டு பக்கத்திலிருந்து ஒரு விசில். திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளைதான். இரண்டு விரல் வாய்க்குள், முகமெல்லாம் பூரிப்பு.

விளக்கு போட்டதும் அவள் கேட்டாள். "என்ன தம்பி, அந்தப் பொண்ணு வேணாம்னுதானே சொல்லிட்டிருந்தா?"

"அது சும்மா பிகு பண்றது, அக்கா. ஒண்ணு விட்டாத்தான் வழிக்கு வருவாங்க." அவன் தங்கையின் கன்னத்தில் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினான். "என்ன, பயந்துட்டியா?"

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தலைவலி என்றாள். மீதிப் படத்தை அவன் மட்டும் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள் தங்கை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு விசிலுக்காக யாராவது சம்பந்தத்தை முறிப்பாங்களாடி? படம் வேற, வாழ்க்கை வேற!"

"அவன் அதை வேற வேறயா பாக்கலையேம்மா" என்றாள் அக்கா. அம்மா மூன்று நாள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் அம்மாவே பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் மடித்துக்கொண்டு, இதமாகத்தான் பேசினாள்.

"சின்னப் பையன், ஏதோ விளையாட்டா சொல்லியிருப்பான். அப்படியே கை நீட்டினாலும் ஒருநாள் ரெண்டுநாள் வலிக்கும், அப்புறம் பழகிடும். அவங்க அப்பாகிட்ட நான் வாங்காததா? இதோ, குடும்பம் நல்லாத்தானே நடக்குது?"

அந்த அம்மாளைத் திட்டுவதா, தேற்றுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எத்தனையோ படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியவள், கையிலிருந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

தங்கைதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அத்தை, எனக்குப் பழக வேணாம்."

அந்த அம்மாள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவளோ எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியவள், "கல்யாணம் இல்லைன்னு அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க யாரும் பேச வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.