மகரபுரியின் சின்னக் கதவு

"மாதவி, அந்தச் சின்ன டோர எடுத்துரு லா. டெஸ்ட்ல எதிரிங்க எல்லாம் அது வழியாதான் உள்ள வரானுங்க," என்றான் தனேஷ்.

மகரபுரி என்ற ஊர் எங்கேயும் இல்லை. பங்சாரில் எங்கள் அலுவலகக் கணினிக்குள் மட்டும் இருக்கிறது. நாங்கள் செய்யும் முற்றுகை விளையாட்டுக்காக அதன் நகர வாயிலை நான்தான் கட்டினேன். செஞ்சிக் கோட்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்து நான்கு மாத வேலை. யானை முட்டாதிருக்க இரும்புக் கூர்கள்கூட வைத்தேன். போன வாரம், யாரும் கேட்காமலே, பெரிய கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குத் திட்டிவாசல் ஒன்றும் வைத்தேன்.

அப்பா இறந்து இரண்டு மாதம். சாலாக் செலாத்தானில் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனதும், வாசல் கிரில் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டவள் நான். "பகல்லகூட பூட்டியே வைங்கப்பா," என்று மிரட்டியும் வைத்தேன். அப்பா என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அன்று பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி பகல் பன்னிரண்டு மணிக்கு, அப்பா விழுந்து கிடக்கிறார் என்று போன் செய்தார். ஓடிப்போய் என் சாவியால் முதல் பூட்டைத் திறந்தேன். இரண்டாவது பூட்டின் சாவிகள் எல்லாம் ஒரே வளையத்தில், அப்பாவின் சட்டைப் பையில் இருந்தன. எனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில், அப்பா தரையில் கிடந்தார். ஒரு கை மட்டும் பையைத் துழாவிக்கொண்டிருந்தது. ஆன்டியின் சுத்தியலால் நான் பூட்டை உடைத்தபோது அந்தக் கை நின்றுபோயிருந்தது. நல்ல பூட்டு. கடையில் இருந்ததிலேயே கெட்டியானதைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று தனேஷைக் கேட்டேன்.

"கேம்தானே லா..." என்றவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சாரி, மாதவி."

கதவை எடுத்துவிட்டுச் சுவரை மூடினேன். விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம். எதிரிகள் வெளியிலேயே நின்றார்கள். தனேஷ் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கதவு வழியாக ஊர் மக்கள் நடக்கும் பாதையை மாற்ற மறந்துவிட்டேன். திரையில், கோட்டைக்கு உள்ளே ஒரு கிழவர் தெருவோடு நடந்து வந்தார். கதவு இருந்த இடத்தில் சுவர் தடுத்தது. அவருக்கு அது தெரியவில்லை. நிறுத்த ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்குக் கை போகவில்லை. முகம் சுவரில் பதிந்திருக்க, கிழவரின் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.