தோல்கட்டைக்கு மஞ்சள் தண்ணீர்

"மண்ணு எங்கயும் ஓடிப்போவாது ஜோதி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஓடாது. வேலையும் செய்யாது. சும்மா படுத்துக்கினு இருக்கும், உங்கள மாதிரி..."

"படுத்துக்கினே விலை ஏறும்டி, அதான் மண்ணு! நீ பணம் போடப் போறது எதுல? குப்பையில!"

"குப்பை இல்ல, மல்லாட்டைத் தோலு!"

"மல்லாட்டைத் தோலு குப்பை இல்லாம, பட்டுப்புடவையா?"

இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் காதில் யார் பேச்சு விழும்? அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் ஜோதியம்மாள் மெஸ்ஸில் நான்கு நாளாக இதே கச்சேரிதான். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டை விற்றதில் ஜோதியம்மாளின் பங்காக நாலு லட்சம் வந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதில், முதல்முறையாக, அவள் பேரில் மட்டும் வந்த பணம். வந்த நாளிலிருந்து அவள் புருஷன் சின்னசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய சிநேகிதர், மனை புரோக்கர் வேணு, பைபாஸ் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.

ஜோதியம்மாள் பார்த்து வைத்திருந்தது மணிமொழியை. கீழ்பென்னாத்தூர்ப் பெண், சொந்தமில்லை என்றாலும் ஊர்முறைப்படி அத்தை என்றுதான் கூப்பிடுவாள். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஊருக்கே திரும்பி வந்தவள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்களின் பின்னால் மலைபோலக் குவிந்து கிடக்கும் தோலை வாரிக்கொண்டு வந்து, மிஷினில் அழுத்தி, உருட்டுக்கட்டை மாதிரி செய்து, விறகுக்கும் நிலக்கரிக்கும் பதிலாக விற்கிறாள். படித்தவர்கள் அதை பிரிக்கெட் என்பார்கள். ஊர்க்காரர்கள் தோல்கட்டை என்று பேர் வைத்து முடித்துவிட்டார்கள். தோலைக் காயவைக்க ஒரு மிஷின் வாங்க வேண்டும், அதற்குப் பங்குதாரர்கள் வேண்டும் என்று அவள் ஒருநாள் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான் வினை.

"அவ கடன் கேக்கலைங்க. பங்கு தர்றா. கம்பெனியில நானும் ஒரு முதலாளி."

"முதலாளியம்மா, பாலு பொங்குது."

ஜோதியம்மாள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு திரும்பினாள். கையில் கரண்டி இருந்தால் அவளுக்கு யோசனை நன்றாக வரும்.

"சரி, இப்படி வெச்சுக்கலாம். பௌர்ணமிக்கு எண்ணூறு பேருக்கு அன்னதானச் சமையல் ஒத்துக்கினு இருக்கோம். ஒரு குச்சி சவுக்கு விறகு வெக்காம, தோல்கட்டையிலயே மொத்தத்தையும் ஆக்கி எறக்குறேன். எறக்கிட்டேன்னா நீங்க வாயே தொறக்கக் கூடாது. முடியலன்னா பணத்த வேணுகிட்டக் குடுத்துடுறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"முப்பது வருஷமா புருஷனையே மாத்தல. பேச்சையா மாத்தப் போறேன்?"

பௌர்ணமிக்கு முதல்நாள் சாயங்காலம் மணிமொழியின் வேன் வந்து பன்னிரண்டு மூட்டை தோல்கட்டையை இறக்கிவிட்டுப் போனது. கூடவே அடுப்புக்குள் வைக்க ஒரு இரும்புச் சல்லடை, காற்று ஊத ஒரு சின்ன ஃபேன்.

"அத்தை, நெருக்கி அடுக்காதீங்க, காத்து போவணும். காலையில பத்து மணிக்கு நான் வந்துடுறேன். கூடவே நின்னு பத்தவெக்கலாம்" என்றாள் மணிமொழி. எல்லாம் சொன்னாள். ஒன்றைத்தான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று உலகத்தில் எந்த இன்ஜினியருக்கும் தோன்றியிருக்காது.

ஜோதியம்மாளிடம் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிச் சமையலில் முதல் இலை அண்ணாமலையாருக்கு. அதனால் அன்றைக்கு அடுப்பில் வைக்கிற முதல் விறகைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் உள்ளே தள்ளுவாள். இருபது வருஷமாகச் சவுக்குக் கட்டை அவளிடம் குளித்து வருகிறது. அது ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தடவை வந்திருப்பது மிஷினிலிருந்து வந்த கட்டை. அந்தத் தோலை யார் யார் மிதித்தார்களோ, எந்த எந்த ஆடு மேலே ஏறிப் படுத்ததோ! ஒரே ஒரு கட்டைக்குத் தெளித்திருந்தால்கூடப் போயிருக்கும். பந்தயமோ பெரிது. சாமியிடம் இந்த நேரத்தில் கஞ்சத்தனம் பண்ணலாமா? பௌர்ணமி அன்று காலையில் தார்ப்பாயை விரித்தாள். பன்னிரண்டு மூட்டையையும் கொட்டிப் பரப்பினாள். இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரை, ஒரு கட்டை விட்டுப்போகாமல், குளிரக் குளிர ஊற்றினாள். கற்பூரத்தைச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நிம்மதியாகப் பூசணிக்காய் நறுக்கப் போனாள்.

அரைமணி கழித்து வந்து பார்த்தால், கட்டையெல்லாம் உப்பியிருந்தன. ஒன்றைத் தொட்டாள். அது புட்டு மாதிரி உதிர்ந்தது. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும்.

"ஐயையோ" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

கேட்கக் கூடாதவர்கள் அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். முன்னால் சின்னசாமி, பின்னால் வெள்ளைச் சட்டையில் வேணு.

"வா வேணு, முதலாளியம்மா ஃபேக்டரியப் பாரு. அட, இன்னா ஜோதி இது, மாட்டுக்குத் தீனி கலந்து வெச்சிருக்கே?"

வேணு குனிந்து, இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து உதறினார். "இதுலதான் நாலு லட்சம் போடப் போறீங்களாக்கா? நான் சொல்லக்கூடாது. ஆனா நம்ம மனையில கல்லு நட்டு பத்து வருஷம் ஆச்சு, ஒரு கல்லு உதிரல."

"ஏன், நட்ட கல்ல ஆட்டிப் பாத்தீங்களா?" என்றாளே தவிர, ஜோதியம்மாளின் குரலில் பழைய காரம் இல்லை.

சொன்னபடி பத்து மணிக்கு மணிமொழி வேனில் வந்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து உதிரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, மன்னிச்சுக்குங்க" என்றாள். "எங்க மேலதான் தப்பு. தோலு சரியாக் காயாம அழுத்தியிருப்பாங்க. அதுக்குத்தான் காயவெக்கிற மிஷின் வேணும்னு... அது வர்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் பணம் கேக்கக் கூடாது போல. அத்தை, நீங்க மனையே வாங்கிக்குங்க."

வேணு தொண்டையைச் செருமிக்கொண்டார். சின்னசாமிக்கே பெண்ணைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "பரவால்லம்மா, வியாபாரம்னா அப்படித்தான்" என்றார்.

ஜோதியம்மாள் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். குடத்தைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது, மானம் பிழைக்கும். திறந்தால்? இந்த மனுஷன் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்வார். பேரன் பேத்தி கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொல்வார். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவரிடம் தோற்றதில்லை அவள். ஆனால் அந்தப் பெண் இன்னும் அந்த உதிரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றாள் ஜோதியம்மாள்.

"இன்னாது?"

"மஞ்சத் தண்ணி. ரெண்டு கொடம்."

"எதுக்கு அத்தை?"

"சாமிக்கு ஆக்குறது இல்லையா? குளிப்பாட்டாம எப்படி அடுப்புல வெக்கிறது?"

மணிமொழிதான் முதலில் சிரித்தாள். உட்கார்ந்திருந்தவள் தார்ப்பாய் மேலேயே சாய்ந்துவிட்டாள். "அத்தை, தோலை அழுத்தித்தான் கட்டை பண்றோம், பசையே கிடையாது. தண்ணி பட்டா உடனே பிரிஞ்சிடும். எரிக்கிற சாமானைக் குளிப்பாட்டுவாங்கன்னு எனக்கு எங்க காலேஜ்ல சொல்லித் தரலையே!"

சின்னசாமி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தலைக்கு ஊத்துனியே, சாம்பிராணி போட்டியாடி?"

"போட்டிருப்பேன், நீங்க வந்துட்டீங்க."

"சரி, அடுப்புக்குக் கட்டை இல்ல. பந்தயத்துல தோத்துட்ட."

"வேன்ல பத்து மூட்டை இருக்குது மாமா" என்று மணிமொழி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "செங்கல் சூளைக்குப் போறது. அவங்களுக்கு நாளைக்குக் குடுத்துக்கறேன்."

"அதெப்படி? பந்தயம் இந்த மூட்டைக்குத்தான்."

"பந்தயம் சமையலுக்கு. மூட்டை பேரை நான் சொல்லவே இல்ல" என்றாள் ஜோதியம்மாள். "வேணு, நீங்களே சொல்லுங்க."

தீர்ப்புச் சொல்லும்படி யாரும் அதுவரை வேணுவைக் கேட்டதில்லை. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "சட்டப்படிப் பாத்தா, அக்கா சொல்றது நியாயம்" என்று சொல்லிவிட்டு, தன் கமிஷன் ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அடுப்பு பற்றியது. மெஸ்ஸில் நெருப்பு சின்னசாமியின் இலாகா. சவுக்கு எரிகிற நாளில் புகையில் கண் சிவந்து, ஊதி ஊதி, இருமி இருமி, "என் உசுரு இந்த அடுப்புலதான் போவப் போவுது" என்று ஊரைக் கூட்டுவார். இன்றைக்கு ஃபேன் ஊதியது. புகை கம்மி. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இதுல எனக்கு இன்னா வேலை?"

"பேசாம நிக்கிறதுதான். அதையும் பழகுங்க" என்றாள் ஜோதியம்மாள்.

பழகவில்லை. முதல் அண்டா சாம்பார் சாதம் லேசாக அடிப்பிடித்தது. அதை முதலில் கண்டுபிடித்தது அவர் மூக்குதான்.

"சொன்னேன் இல்ல? சூடு ஜாஸ்தி! தள்ளு, தள்ளு. சவுக்குன்னு நெனச்சு வெச்சுட்டீங்க. மூணு கட்டையை வெளிய இழு. ஃபேனைக் கம்மி பண்ணும்மா மணிமொழி. இன்னும் கம்மி. ஆங், இப்படி!"

அதற்கப்புறம் அவரை அடுப்பை விட்டு நகர்த்த முடியவில்லை. ஒரு கட்டை உள்ளே, அரைக் கட்டை வெளியே என்று அவரே ஒரு கணக்குப் போட்டு, வேணுவைக்கூடக் கிட்டே விடாமல் காவல் காத்தார். மூன்று மணிக்கு எலுமிச்சை சாதத்துக்கான கடைசி அண்டா இறங்கியது. மூலையில் சவுக்கு விறகு கட்டியது கட்டியபடி இருந்தது. முதல் இலையை மலையைப் பார்த்து வைத்துக் கும்பிட்டுவிட்டு, நால்வரும் ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்தார்கள்.

"இப்ப சொல்லு" என்றாள் ஜோதியம்மாள் மணிமொழியிடம். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ வாங்க வாங்க, மில்லுக்காரன் தோலுக்கு விலை வெக்க மாட்டானா?"

"வெச்சுட்டாங்க அத்தை. போன வருஷம் அள்ளிக்கினு போனா போதும்னாங்க. இந்த வருஷம் டன்னுக்கு இவ்வளவுன்னு கேக்குறாங்க."

"அப்போ?"

"கரும்புத் தோகைய வயல்லயே கொளுத்துறாங்க இல்ல, அதையும் சேத்துப் பாத்துக்கினு இருக்கேன். சரியா வரும்னுதான் தோணுது. வராமலும் போகலாம். உங்க பணம் திரும்பி வர அஞ்சு வருஷம் ஆவும் அத்தை. திரும்பாமலும் போகலாம். அதையும் சொல்லிடணும்."

சின்னசாமி டீ டம்ளரை டக்கென்று வைத்தார். "பாத்தியா? அவளே சொல்றா!"

"ஆமாங்க, அவளே சொல்றா. வேணு இத்தனை வருஷத்துல ஒரு மனையைப் பத்தியாவது அப்படிச் சொல்லியிருக்காரா?"

வேணு டீயில் ஈ விழுந்திருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு லட்சம் போடுறேன்" என்றாள் ஜோதியம்மாள். "ஒரு லட்சம் பேங்க்லயே இருக்கட்டும். முதலாளின்னாலும் நான் முட்டாள் இல்ல."

மணிமொழி பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். எட்டுப் பக்கம். ஜோதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புரிந்ததையும் புரியாததையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, அண்டா ஆறுகிற வரைக்கும் படித்தாள். படித்து முடித்து, பேர், தகப்பனார் பேர், ஊர் எல்லாம் எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னும் ஒரு கோடு காலியாக இருந்தது.

"அது சாட்சிக்கு அத்தை."

சின்னசாமி அடுப்புப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அணைந்துவிட்ட நெருப்பை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஜோதியம்மாள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாங்க, சாட்சிக் கையெழுத்து நீங்க போடுறீங்களா, இல்ல வேணுவையே போடச் சொல்லட்டுமா?"